புகைபோக்கிக்குள் ஒரு புகைபோக்கி

லீட்ஸ், ஷெஃபீல்டு போன்ற வட இங்கிலாந்து ஊர்களில் விக்டோரியா காலத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கின்றன. கூரையை அண்ணாந்து பார்த்தால், ஒவ்வொரு செங்கல் தூணின் உச்சியிலும் சில மண்குழாய்கள் தெரியும். ஒரு குழாய் என்றால் கீழே ஏதோ ஓர் அறையில் ஒரு கணப்பு என்று கணக்கு. 1662 முதல் 1689 வரை அரசாங்கமே வீடு வீடாகக் கணப்புகளை எண்ணி, ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் வரி வசூலித்த நாடு இது.

அந்தத் தூணுக்குள்ளே, ஒன்பது அங்குலச் சதுரமாகவோ ஒன்பதுக்குப் பதினான்கு அங்குலமாகவோ, ஒவ்வொரு கணப்புக்கும் ஒரு புகைவழி ஏறும். உட்புறத்தில் சுண்ணாம்பும் மாட்டுச் சாணமும் குழைத்துப் பூசியிருப்பார்கள். சாணம் மெழுகுவது நம் ஊர் வழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். செங்கல் இடுக்கு வழியே புகை கசியாமல் காத்தது அந்தப் பூச்சுதான்.

திறந்த கணப்பில் சூடு தங்காது. எரிந்த நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பங்கு புகையோடு மேலே போய்விடும். அறையின் வெதுவெதுப்பான காற்றையும் அது உறிஞ்சிக்கொண்டு போகும். நெருப்புக்கு முன்னால் இருக்கும் முழங்கால் வேகும், முதுகு உறையும். ரம்ஃபோர்டு பிரபு 1796-இல், கணப்பின் தொண்டையைக் குறுக்கி, ஆழத்தைக் குறைத்துக் கட்டினால் புகையும் அடங்கும், சூடும் அறைக்குள் திரும்பும் என்று எழுதினார். பல வீடுகளில் அப்படி மாற்றியும் கட்டினார்கள்.

புகைக்கரியைச் சுரண்ட ஆள் வேண்டுமே. அந்த ஒன்பது அங்குல வழிக்குள் ஏறியவர்கள் சிறுவர்கள். எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றக்கூடாது என்று 1788-இல் சட்டம் வந்தது. இப்படி ஏறியவர்களின் விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775-லேயே எழுதிவிட்டார். இணைத்து இணைத்து மேலே தள்ளும் தூரிகையும் 1803 வாக்கில் வந்துவிட்டது. ஆனாலும் வளைவு நிறைந்த வழியில் தூரிகை போகாது என்று வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். பையன் மலிவு என்பதுதான் உண்மை. 21 வயதுக்குக் கீழ் யாரையும் ஏற்றக்கூடாது என்ற 1840 சட்டத்தையும் மதித்தவர் குறைவு. 1875 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனையின் புகைபோக்கியில் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் சிக்கி இறந்தான். அதே ஆண்டு ஷாஃப்ட்ஸ்பரி பிரபு கொண்டுவந்த சட்டம், இத்தொழில் செய்வோர் காவல்துறையிடம் ஆண்டுதோறும் சான்று பெற வேண்டும் என்றது. அதன் பிறகுதான் வழக்கம் நின்றது.

பிறகு 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டம், 1956-இல் தூய காற்றுச் சட்டம், வட கடல் எரிவாயு, வீடு முழுக்க வெந்நீர்க் குழாய்ச் சூடு. கணப்புகளைப் பலகை வைத்து அடைத்தார்கள். புகைபோக்கியில் காக்கை இனத்து ஜாக்டாக்கள் கூடு கட்டின.

இப்போது அந்தப் பலகையைப் பெயர்த்துவிட்டு, கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பை உள்ளே செருகுகிறார்கள். விறகின் சூட்டில் முக்கால் பங்குக்கு மேல் அறைக்கே வருகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. சூட்டையெல்லாம் அடுப்பே எடுத்துக்கொண்டால், மேலே போகும் புகை கொஞ்சம், அதுவும் ஆறிப்போனது. அதைப் பழைய அகலமான வழியில் விடுவது, கல்யாண அண்டாவில் ஒரு டம்ளர் காபி போடுவதுபோல. இந்த அடுப்புக்குப் போதுமான ஆறு அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பு 28 சதுர அங்குலம். ஒன்பதுக்குப் பதினான்கு வழிக்கோ 126. ஆறிய புகை மெல்ல ஊர்ந்து, ஈரமும் தாரும் கலந்த கிரியோசோட்டாகச் செங்கல்லில் படிகிறது. ஒருநாள் அது தீப்பிடித்தால் புகைபோக்கியே கொள்ளிக்கட்டையாகிவிடும். பழைய நிலக்கரியின் கந்தகம் சுண்ணாம்புப் பூச்சை ஏற்கெனவே தின்றிருக்கும். விரிசல் வழியாகக் கார்பன் மோனாக்சைடு பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்கும் போகலாம்.

அதனால்தான் பழைய வழிக்குள் லைனர் என்ற உட்குழாய். முதலில் கூடுகளை அள்ளி, கரியைத் துலக்கி, கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். பிறகு சாரம் கட்டி, பாம்புபோல் வளையும் இரட்டைத் தகட்டு எவர்சில்வர் குழாயைச் சுருளாகக் கூரைக்கு ஏற்றுகிறார்கள். அதன் மேல் ஓர் அம்புக்குறி உண்டு. புகை போகும் திசையில்தான் அது இருக்க வேண்டும். தலைகீழாக விட்டால் உள்தகட்டின் மடிப்புகளில் தார் தேங்கும். குழாயின் முனையில் கூம்பு மாட்டி, கயிறு கட்டி, மேலே ஒருவர் விட, கீழே கணப்புக்குள் மண்டியிட்டு ஒருவர் இழுக்கிறார். மாடி அறைக் கணப்பைச் சுற்றி வழி வளையும் இடத்தில் குழாய் நிச்சயம் நிற்கும். "கொஞ்சம் மேலே... திருப்பு... இப்போ விடு" என்று அங்கே கால் மணி நேரமாவது போய்விடும். பலத்தைக் காட்டி இழுத்தால் தகடு கிழியும். பக்குவம் தெரிந்தவர் குழாயை இலேசாக முறுக்கியே வளைவைத் தாண்டவைக்கிறார். மேலே தகட்டில் பிடித்து, பறவை புகாத மூடி போட்டு, சுற்றியுள்ள இடைவெளியில் வெர்மிகுலைட் துகளைக் கொட்டுகிறார்கள். குழாய் சூடாக இருந்தால்தான் புகை ஆறாமல் ஏறும். கடைசியில் புகைக்குளிகையைக் கொளுத்தி இழுவையைச் சோதிக்கிறார்கள்.

என் கணிப்பில், பழைய கணப்பு மீண்டும் வந்துவிட்டது என்று மகிழ்பவர்கள் பாதிதான் சரி. வேலை செய்வது புதிய அடுப்பும் புதிய குழாயும். செங்கல் புகைபோக்கி இப்போது குழாய்க்கு உறை மட்டுமே. சுண்ணாம்பும் சாணமும் நூறாண்டு நின்றன. ஈர விறகும் மந்த நெருப்பும் பழக்கமான வீட்டில் எவர்சில்வர் பத்தாண்டைத் தாண்டுவதே கஷ்டம். இங்கிலாந்தில் 2021 மே முதல் சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் புகைபோக்கி புகை கக்கினால் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம். மின்மீட்டர் போன்ற கண்ணில் படும் இடத்தில், குழாயின் வகை, அளவு, பொருத்திய தேதி எழுதிய தகடு ஒன்று ஒட்டப்படுகிறது. வீடு வாங்க வருபவர் கேட்டால் அதைக் காட்டலாம்.