கையெழுத்துப் போடாதவர்கள்

இரவு பத்தரைக்கு மேல் திருச்சி மன்னார்புரம் ரவுண்டானா அருகே நின்றால், வண்டிக்கு முன்னால் சத்தம் வந்து சேரும். உள்ளே இருக்கும் தடுப்பைக் கழற்றி எறிந்த சைலன்சரின் படபடப்பு டி.வி.எஸ். டோல்கேட் பக்கம் கிளம்பும். என்னவென்று திரும்புவதற்குள் இரண்டு பைக் தாண்டிப் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை அங்கே டீக்கடை ஓரம் நின்றிருந்தேன். வெளியூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஓர் அம்மா, காலடியில் வைத்திருந்த கட்டைப்பையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார். திட்டவில்லை. நம்பரைக் குறித்துக்கொள்ளவும் வழியில்லை. “பிளேட்ட மேல மடிச்சு விட்டுருப்பானுங்க சார், எங்கருந்து பாக்குறது” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

பைக் ரேஸ் பற்றிப் பேச்சு எடுத்தால், “அவன் வண்டி, அவன் உயிர், உனக்கென்ன?” என்று யாராவது கேட்பார்கள். எனக்கு அந்த ஓரடிதான் ஞாபகம் வரும். அந்த அம்மாவிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

சட்டமும் ஏறக்குறைய இந்தச் சம்மதக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு, மாநில அரசின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் வேகப் பந்தயம் விடுவதைக் குற்றம் என்கிறது. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவை மாட்டினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டியது 18 வயது நிரம்பாத பையன் என்றால் 199ஏ பிரிவு வந்துவிடும். அதில் மாட்டுவது பெற்றோர் அல்லது ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர்: மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

‘ஒப்புதல் இல்லாமல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒப்புதல் இருந்தால் பொதுச் சாலையிலும் பந்தயம் நடக்கலாம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி சுமார் 3.5 கிலோமீட்டர் சாலையை அடைத்து ஃபார்முலா 4 கார்ப் பந்தயம் நடந்ததே, அது அப்படித்தான். ஆனால் அந்த வளையத்தில் பைக்குகளை விடுவது வேறு கதை. சாலையோரம் நிறுத்திய கான்கிரீட் தடுப்பில் கார் மோதினால் முதலில் நசுங்குவது கார்; பைக் மோதினால் மனிதன்.

திருச்சிக்காரர்களுக்கு 2023 தீபாவளி மறந்திருக்காது. சென்னை நெடுஞ்சாலையில் சிறுமருதூர் அருகே பைக்கின் முன்பக்கம் வாணவெடியைக் கட்டி, முன்சக்கரத்தைத் தூக்கியபடி ஓட்டி, அது வெடித்துச் சிதறுவதை வீடியோ எடுத்துப் போட்டார்கள். மாவட்டக் காவல்துறை வழக்குப் போட்டுப் பலரைக் கைது செய்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், செப்டம்பர் 17 அன்று, யூடியூபர் டி.டி.எஃப். வாசன் காஞ்சிபுரம் மாவட்டம் தாமல் அருகே வீலிங் செய்யப்போய் விழுந்திருந்தார். கைதானார், உயர் நீதிமன்றம் முதலில் ஜாமீன் மறுத்தது, நவம்பரில்தான் வெளியே வந்தார், லைசென்ஸ் 2033 வரை முடக்கப்பட்டது. இத்தனையும் எல்லா டி.வி.யிலும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சிறுமருதூரில் வெடியைக் கட்டினார்கள். தண்டனையை யாரும் அறியாமல் இல்லை. எதிர்ப்பக்கம் போன் பிடித்து நின்ற நண்பன் தரப்போகும் லைக் அதைவிடப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. அந்த லைக்கைப் போடுகிறவர்கள் நம் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீலிங்கில் நடப்பது என்ன? பைக்கை நிறுத்தும் வலிமையில் பெரும்பகுதி முன் பிரேக்கில் இருக்கிறது. முன்சக்கரம் காற்றில் இருக்கும்போது அந்தப் பிரேக்கும் இல்லை, ஹேண்டிலைத் திருப்பியும் பயனில்லை, தூக்கிய வண்டியே எதிரில் வருவதை மறைத்துவிடுகிறது. வெறும் வேகமும் லேசுப்பட்டதல்ல. நல்ல டயர், காய்ந்த ரோடு, சுதாரிக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் நிற்க ஏறக்குறைய 37 மீட்டர் ஆகும். 120-ல் வந்தால் இரு மடங்கு என்று நினைப்போம். கணக்குப் போட்டால் 113 மீட்டர் வருகிறது. பத்து டவுன் பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம். வளைவில் மணல் லாரி கொட்டிவிட்டுப் போன மணலையும், பெயிண்ட் அழிந்துபோன வேகத்தடையையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

2022-ல் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் அந்த ஆண்டு இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் ரேஸ் விட்டவர்கள் அல்ல. வேலைக்கும் சந்தைக்கும் போனவர்கள். ரேஸ் விடுகிறவன் தன் ஆபத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது ஏற்கெனவே நிரம்பி வழியும் இந்தக் கணக்கில்தான்.

சரி, மைதானத்துக்குள் போனால் எல்லாம் நியாயமாகிவிடுமா? தமிழ்நாட்டுக்கு அந்த வழி பழையது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்கள் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிக் களம் வந்தது. கோவை செட்டிப்பாளையத்தில் கார்ப் பந்தய வீரர் கரிவர்தன் பெயரில் இன்னொன்று. களத்தில் எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். கொடி காட்ட ஆள் இருக்கிறார், ஆம்புலன்ஸ் எஞ்சினை ஓடவிட்டு நிற்கிறது. வளைவுக்கு வெளியே வெட்டவெளியும் சரளைப் படுகையும் உண்டு; விழுந்தவன் உருண்டு தேய்ந்து வேகத்தை இழப்பான், மின்கம்பத்தில் போய் நிற்க மாட்டான். எல்லாவற்றுக்கும் முன்னால், சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள்.

அந்தக் கையெழுத்தை நம்பி நிம்மதியாக இருந்துவிட என்னால் முடியவில்லை. 2023 ஆகஸ்ட் 5 அன்று இருங்காட்டுக்கோட்டையில், தேசியப் போட்டியின் அறிமுக வீரர்கள் பந்தயத்தில் விழுந்து ஒரு சிறுவன் இறந்தான். பெங்களூருக்காரன், வயது 13. வேலி, கொடி, ஆம்புலன்ஸ் எல்லாம் இருந்தன. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் சம்மதத்தை யார் தருவது? அப்பா அம்மா தரலாம். ஆனால் அவர்கள் கொடுப்பது இன்னொருவருடைய உயிருக்கான சம்மதம். ஐரோப்பாவில் 2021-ஆம் ஆண்டு ஒன்றிலேயே 14, 15, 19 வயதில் மூன்று பேர் களத்தில் இறந்த பிறகு, உலக மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பு மோட்டோ 3 போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 2023 முதல் 18 ஆக்கியது. திறமை பத்து வயதில் தெரியத் தொடங்கும், தள்ளிப்போட்டால் வீணாகும் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். இருக்கலாம். சிறிய எஞ்சினில், கார்ட்டிங் களத்தில், குறைந்த வேகத்தில் அந்தத் திறமையை வளர்க்கட்டும். நெருக்கியடித்து ஓடும் கூட்டப் பந்தயத்துக்கு 18 வரை காத்திருந்தால் குடிமுழுகிவிடாது.

வயது வந்தவர்கள் தெரிந்தே இறங்கினால்? அதற்கு உலகத்தின் பெரிய சாட்சி ஐல் ஆஃப் மேன் தீவு. 1907 முதல் அங்கே டி.டி. (டூரிஸ்ட் டிராஃபி) பைக் பந்தயம் நடக்கிறது. இப்போதைய பாதை 60 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஊர்த் தெரு, கல்சுவர், தந்திக்கம்பம், மலைமுகடு எல்லாம் அதில் உண்டு. பத்து விநாடிக்கு ஒருவராகக் கிளப்பிவிடுவார்கள். 1972-ல் கொட்டும் மழையில் ஜில்பெர்ட்டோ பார்லொட்டி இறந்தபோது, அவருடைய நண்பரும் பலமுறை உலகச் சாம்பியனுமான ஜியாகோமோ அகோஸ்தினி இனி இங்கே ஓட்டமாட்டேன் என்று விலகினார். 1976-க்குப் பிறகு உலகச் சாம்பியன் போட்டிகளின் பட்டியலிலிருந்தே அந்தப் பந்தயம் போயிற்று. ஆனால் நிற்கவில்லை. அந்த மலைப்பாதையில் இதுவரை 250-க்கும் மேற்பட்ட போட்டியாளர்கள் இறந்திருக்கிறார்கள். 2022-ல் மட்டும் ஆறு பேர், அதில் அப்பாவும் மகனும் சேர்ந்து போன ஜோடி ஒன்று. சாலை அடைத்திருக்கிறது, ஓட்டுபவருக்கு எல்லாம் தெரியும், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இதைத் தடைசெய் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை; போய்க் கைதட்டவும் மனம் வரவில்லை.

அடைத்த களத்திலும் வேடிக்கை பார்ப்பவர் கணக்கு தனி. 2024 ஏப்ரல் 21 அன்று இலங்கை தியத்தலாவை ஃபாக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில் ஒரு கார் தடம் மாறிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். குழந்தையும் உண்டு.

சம்மதம், வேலி என்ற இந்தக் கணக்கு நமக்குப் புரியாத விஷயம் இல்லை. மன்னார்புரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பெரிய சூரியூர். அங்கே ஜல்லிக்கட்டில் மாடுபிடி வீரர் பெயர் பதிந்து, மருத்துவப் பரிசோதனை முடித்த பிறகே களத்தில் இறங்க முடியும். பார்வையாளருக்கு முன்னால் தடுப்பு. காளை எதிலும் கையெழுத்துப் போடவில்லையே என்றால், அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2023 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது. ஆபத்தை வேலிக்குள் வைக்க நம் ஊருக்குத் தெரியும். பைக்குக்கு மட்டும் அந்த வேலியை யாரும் போடவில்லை. திருச்சிப் பையனுக்குக் கோவைக் களம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். இருங்காட்டுக்கோட்டை இன்னும் தூரம். இந்த மாவட்டத்தில் ஒரு சிறு பயிற்சிக் களம் வந்தால் நெடுஞ்சாலை ரேஸ் ஒழிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ‘எங்கே போய் ஓட்டுறது’ என்ற சாக்கு ஒழியும்.

அந்தச் சனிக்கிழமை, போன இருவரில் ஒருவன் திரும்பி வந்து அதே கடையில் டீ சொன்னான். மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. ஹெல்மெட் டேங்க் மேல் இருந்தது. இருங்காட்டுக்கோட்டைக்குப் போயிருக்கிறாயா என்று கேட்டேன்.

“அங்கல்லாம் லைசென்ஸ் கேப்பாங்கண்ணே, சூட்டு கேப்பாங்க. இங்க பெட்ரோல் போட்டாப் போதும்.”

“வண்டி யாரு பேர்ல தம்பி?”

“மாமா பேர்ல.”

“மாமாவுக்குத் தெரியுமா?”

சிரித்துக்கொண்டே டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சாவியைத் திருகினான்.