விதைக்கு ஏது செக்போஸ்ட்?

எங்கள் வட்டவடை மலைக்கிராமத்தில் பூண்டு நடுகிற கைகள் சில வருடமாக வாட்டில் மரக்கன்றையும் பிடுங்குகின்றன. தோல் பதனிடப் பட்டை தரும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது. புல்வெளியை மூடியது, ஓடையையும் வற்றவைத்தது.

ஆனமுடிச் சோலை தேசியப் பூங்காவில் பழத்தோட்டம் என்ற இடத்தில் 2019-இல் தீ பரவியது. அதன்பின் அங்கே கேரள வனத்துறையும் ஊர்க்காரர்களின் 'ஹரித வசந்தம்' குழுவும் சேர்ந்து மலைப்புல் நட்டன. வாட்டில் மரத்தை வெட்டுவது சுலபம். மண்ணுக்குள் பல்லாண்டு தூங்கும் விதைதான் தலைவலி. தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். அதனால் வருடாவருடம் பிடுங்கியாக வேண்டும்.

மலைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டின் கொடைக்கானலிலும் இதே மரம்தான். இரு மாநிலமும் ஒரே பருவத்தில் பிடுங்க இறங்கட்டும் என்பேன். இன்னொரு அயல் மரமான கிராண்டிஸ் தைலமரம் தனிக்கதை: அது பட்டா நிலத்திலும் நிற்கிறது, நிலக்காரர் சம்மதம் வேண்டும்.