எக்செல்லில் எடைக் கணக்கு

ஃபேர்லேண்ட்ஸில் தினமும் 45 நிமிடம் நடந்தும், தண்ணீர்க் குடம் தூக்கினால் எனக்குக் கை நடுங்கும். மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு அடர்த்தி வேகமாகக் குறைகிறது. வாரம் 2 நாளாவது தசைப்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2020). பாதி நாள் நடையை விட்டு டம்பெல் எடுத்தேன்.

சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டினால்தான் தசை வலுக்கும். போன வாரக் கணக்கு யாருக்கு நினைவிருக்கும்? எக்செல்லைத் திறந்து ஏ-யில் தேதி, பி-யில் எடை, சி-யில் தடவை, டி-யில் சுற்று என டைப் செய்யுங்கள். இ2 செல்லில் சமக்குறி இட்டு, பி2, சி2, டி2 மூன்றையும் நட்சத்திரக் குறியால் இணைத்து என்டர் தட்டுங்கள். (சமக்குறி இல்லாவிட்டால் வெறும் எழுத்தாகவே நிற்கும்!) 5 கிலோ, 10 தடவை, 3 சுற்று என்றால் 150. அடுத்த வாரம் 12 தடவை செய்தேன், 180 காட்டியது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள்.