உங்களுக்குத் தெரியுமா? வந்தியத்தேவன் மாத்தளைப் பக்கம் வந்த கதை!

பாடசாலை நாட்களில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலைப் படிக்காதவர்கள் மாத்தளைத் தமிழர்களில் குறைவு. ஐந்து பாகங்களில் ஏதாவது ஒன்று எப்போதும் நூலகத்தில் இருக்காது. மூன்றை முடித்துவிட்டு இரண்டுக்குத் திரும்பியவர்களும் உண்டு. அந்த வயதில் குதிரை, வாள், சுரங்கப்பாதை தவிர வேறெதுவும் கண்ணில் படாது. இப்போது இரண்டாம் பாகமான 'சுழற்காற்'றை மட்டும் மறுபடி எடுத்துப் பாருங்கள். நம்முடைய மாவட்டமே அதற்குள் இருக்கிறது.

● சோழ இளவரசி குந்தவை கொடுத்த ஓலையோடு இலங்கைக்கு வரும் கதைநாயகன் வந்தியத்தேவன், ஒற்றன் ஆழ்வார்க்கடியானோடு மன்னார்ப் பக்கத்து மாதோட்டத்திலிருந்து காட்டு வழியே வருகிறான் அல்லவா? அந்தப் பயணத்தில் கல்கி 'தம்பள்ளை' என்று எழுதும் ஊர் நம் தம்புள்ளைதான். அங்குள்ள குகைகளில் வலகம்பா மன்னன் ஒளிந்திருந்தது கி.மு. முதல் நூற்றாண்டில். அநுராதபுரத்தைப் பிடித்த தமிழ்ப் படைக்குப் பயந்துதான் அவன் அங்கே வந்தான். அதே இடத்துக்குச் சோழ நாட்டு ஓலையோடு ஒருவனை நடக்கவிட்டிருக்கிறார் கல்கி. குறும்புக்காரர்தான்!

● குந்தவையின் தம்பி அருள்மொழிவர்மர் யானைப்பாகன் வேடத்தில் வருவது நினைவிருக்கும். யானை மேல் இரண்டு சீன யாத்திரிகர்கள். சிம்மகிரிச் சித்திரங்களைப் பார்க்கும் ஆசைதான் இளவரசரை அந்த வேடம் போட வைத்தது. சிம்மகிரி என்றால் சிகிரியா. 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் கோட்டை கட்டிய அதே குன்று.

● இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கதை நடப்பது 10ஆம் நூற்றாண்டில். சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில், ஓவியப் பெண்களைப் பார்த்து மயங்கிய பார்வையாளர்கள் கவிதைகளைக் கீறி வைத்ததும் பெரும்பாலும் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையில்தான். அதாவது, வேடம் போட்டு ஓர் இளவரசன் உண்மையிலேயே அங்கே ஏறியிருந்தால், பக்கத்தில் யாராவது ஒருவர் எழுத்தாணியோடு நின்றிருக்கக்கூடும். அந்தக் கவிதைகளில் 685ஐப் படித்துப் பதிப்பித்தவர் பேராசிரியர் செனரத் பரணவிதான. நூல் வெளிவந்த ஆண்டு 1956. கல்கி 1954 டிசம்பர் 5இல் காலமாகிவிட்டார். அந்த நூல் அவர் கையில் கிடைத்திருந்தால் இரண்டு அத்தியாயங்களாவது கூடியிருக்கும்!

● நாவலில் 'ஏலேல சிங்கன்' கூத்து என்று ஓர் அத்தியாயம் உண்டு. எல்லாளன், துட்டகைமுனு கதைதான். அந்த இருவரின் போர் தம்புள்ளை இரண்டாவது குகையின் ஓவியங்களிலும் இருக்கிறது. புத்தர் சிலைகளைப் பார்த்துவிட்டு அப்படியே வெளியே வந்துவிடுகிறோம். கூரையை யார் பார்க்கிறார்கள்?

● மாதோட்டத்திலிருந்து தம்புள்ளை. இந்த வழி வேறெங்கோ கேட்டதாக இல்லையா? 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் தலைமன்னார்ப் பக்கம் கரையிறங்கி, மன்னார் காடுகளைக் கடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே செத்து விழுந்தவர்கள் பல ஆயிரம். அந்த வழிநடையின் 200ஆம் ஆண்டு நினைவாக, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்ட மலையக மக்களின் நடைபயணம் ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. வந்தியத்தேவனுக்காவது பேச்சுத்துணைக்கு ஆழ்வார்க்கடியான் இருந்தான். அந்தக் காட்டை வெறும் சாகசமாக இனி நம்மால் படிக்க முடியாது.

● கல்கியின் இன்னொரு நாவலான 'சிவகாமியின் சபத'த்தில் வரும் மானவன்மன், பல்லவர் துணையோடு இலங்கை அரியணை ஏறிய நிஜ அரசன். அந்தப் பல்லவர்களின் சாயலை நம் மாவட்டத்திலும் காணலாம்: மாத்தளை - தம்புள்ளை வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கும் நாலந்தா கெடிகே, பல்லவர் பாணியிலான கற்கட்டடம். பௌத்த இடம்தான், ஆனால் பார்ப்பவருக்கு மாமல்லபுரம் நினைவுக்கு வரும். மகாவலித் திட்டத்து நீர்த்தேக்கம் அதை மூழ்கடிக்கவிருந்ததால், கல் கல்லாகக் கழற்றி மேட்டில் திரும்பக் கட்டினார்கள்.

● 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வாராவாரம் வந்தது. அலெக்சாந்தர் டூமாவின் 'மூன்று துப்பாக்கி வீரர்'களும் 1844இல் பாரிஸ் பத்திரிகையொன்றில் தொடராக வந்ததே. குதிரை மேல் ஓர் ஏழை இளைஞன் தலைநகரை நோக்கி வருவதுதான் இரண்டு கதைக்கும் தொடக்கம். குதிரை விஷயத்தில் நம் வாணர்குல வீரன் வந்தியத்தேவனுக்கு அதிர்ஷ்டம். டூமாவின் நாயகன் டார்தஞ்ஞனின் மட்டக்குதிரையைப் பார்த்து ஊரே சிரித்தது.

● மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படத்துக்குப் படப்பிடிப்பு 2019 டிசம்பரில் தாய்லாந்தில் தொடங்கியது. சிகிரியா தாய்லாந்தில் இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்விச் சுற்றுலாவுக்குத் தம்புள்ளையும் சிகிரியாவும்தான் என்றால், போவதற்கு ஒரு வாரம் முன்பே மாணவர்களிடம் 'சுழற்காற்'றைக் கொடுத்துவிடுங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை, மலிவுப் பதிப்புகள் நிறையக் கிடைக்கின்றன.