குரலுக்கும் எல்லை உண்டு

1923ஆம் ஆண்டில், ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப்பகுதிகளைக் கொண்டு, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலே எட்வேட் ஹாப்பர் நிகழ்த்திய பரிசோதனைகளே இலங்கை வானொலிக்கு வித்தாயின. அவர்போல் ஆர்வத்தால் உந்தப்பட்டு, உரிமம் பெற்று, இல்லத்திலிருந்தே வானொலியிற் பேசுவோர் முதலில் அறியவேண்டுவது, குரலை எவ்வளவு ஏற்றலாம் என்பதே.

காவியலையின் வீச்சத்தைக் குரலுக்கு இசையக் கூட்டியும் குறைத்தும் அனுப்புதலே வீச்சப் பண்பேற்றம். 100 உவாற்றுக் காவியலையைச் சீரான ஓர் ஒலியால் 50 வீதம் பண்பேற்றின், செய்தியைச் சுமக்கும் பக்கப்பட்டைகள் இரண்டும் சேர்ந்து 12.5 உவாற்றே பெறும். 100 வீதமாயின் 50 உவாற்றுப் பெறும். ஆதலின் ஏற்றம் மிகுதல் நன்றே. எனினும் 100 வீதத்தைக் கடப்பின், அலைவின் தாழ்வுதோறும் காவியலை அறுந்துபோகும். அதனாற் புதிய மீடிறன்கள் பிறந்து அயல் அலைவரிசைகளிற் சிதறும், குரலும் கரகரக்கும்.

பேச்சு விளங்குதற்கு 300 முதல் 3000 ஹேட்ஸ் வரை போதும். திடீரென எழும் உச்சங்களை முதலில் அடக்கி, 3000 ஹேட்ஸுக்கு மேற்பட்டவற்றைப் பின்னர் வடித்துவிடல் வேண்டும். அடக்குதலாலும் மிகைமீடிறன்கள் தோன்றுமாதலின் இம்முறை மாறலாகாது. பின்பு அலைவுகாட்டியை நோக்கி, காவியலையின் தாழ்வு சுழியைத் தொடாதவாறு பெருக்கத்தை அமைத்தல் தகும்.

ஹெவ்லொக் டவுன் போல வீடுகள் நெருங்கிய இடத்தில் இது அயலார்க்குச் செய்யும் கடமையுமாகும். வானம் பொது, அளவறிந்து பேசுவோனே அதிற் பேசத் தக்கவன்.