ஒற்றைப் பலகைக் கணினியிற் பி.எஸ்.டி. முறைமை

கணினியின் உறுப்புக்களையெல்லாம் ஏவல் கொள்ளும் மூலாதாரமான நிரற்றொகுதியே பணிசெயல் முறைமையாகும். அஃது ஒரு கணினியிற் செவ்வனே இயங்குமாயின், அவ்வகைச் செயலியையுடைய பிறிதொன்றிலும் இயங்குமென எண்ணுதல் இயல்பே. மேசைக் கணினியளவில் இவ்வெண்ணம் பெரிதும் பொய்ப்பதில்லை. ஆர்ம் செயலி பொருத்திய, உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகைக் கணினிகளிடத்தோ பொய்த்துவிடுகின்றது. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்ளி வளாகத்திலே, யுனிக்ஸ் முறைமைக்குத் துணைத்தொகுதியாக 1978 இல் வெளிவந்ததே பி.எஸ்.டி. அதன் வழிவந்த நெற்பி.எஸ்.டி.யும் ஃபிரீபி.எஸ்.டி.யும் 1993 இலும், நெற்பி.எஸ்.டி.யினின்று பிரிந்த ஓப்பன்பி.எஸ்.டி. 1995 இலும் தோன்றின. கரு எனப்படும் மையநிரலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே மூலநிரற் றொகுதியாகப் பேணப்படுதல் இவற்றின் சிறப்பு. முறைமையொன்றை அடிமுதல் முடிவரை படித்துணர விரும்பும் மாணாக்கனுக்கு இதனினும் வாய்ப்பான ஏடு அரிது. ஆர்ம் செயலியோ இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலே, ஏகோர்ன் நிறுவனத்தாரால் 1985 இல் முதன்முதல் இயக்கப்பட்டது.

மேசைக் கணினி தன்னைத் தானே அறிமுகஞ் செய்துகொள்ளும். கரு வினவினால், அதனுட் பொருத்திய அட்டைகள் தத்தம் பெயரைக் கூறும். பலகைக் கணினியின் சில்லினுள் அமைந்த உறுப்புக்களோ ஊமைகள். ஒவ்வொன்றும் எம்முகவரியில் உள்ளதென்பதை முன்னரே அறிந்தாலன்றி அவற்றோடு உரையாடல் இயலாது. ராஸ்பெரி பை பலகையையே எடுத்துக்கொள்வோம். 2012 இல் வந்த முதற் பலகையிலே புறவுறுப்புக்களின் முகவரிகள் 512 மெகாபைற்று எல்லையிற் றொடங்கின. 2015 இல் வந்த இரண்டாம் பலகையில் அவை 1008 மெகாபைற்று எல்லைக்குப் பெயர்ந்தன. உறுப்புக்கள் பெரும்பாலும் அவையே. வீட்டிலக்கம் மாத்திரம் மாறிற்று. முன்னையதன் முகவரிகளைத் தன்னுட் பொறித்த கரு, பின்னையதிலே வெறுவெளியை நோக்கிப் பேசி நின்றுவிடும். ஆதலின், முகவரிகளைக் கருவினின்றும் பிரித்து, சாதன மரம் என்னும் விவரணக் கோப்பில் எழுதிவைப்பர். கரு எழும்பொழுதே அதனைப் படித்துக்கொள்ளும். பலகை மாறின் கோப்பு மாறும், கரு மாறவேண்டுவதில்லை. அக்கோப்பில் ஓரெண் பிழைப்பினும் ஓருறுப்பு செயலிழக்கும்.

அத்தகைய வேளையிலே திரை இருண்டு கிடக்கும். தொடர்முறை வாயிலில் மூன்று கம்பிகளை இணைத்து, பிறிதொரு கணினியில் 115200 என்னும் வேகத்திலே கருவின் முறையீட்டைக் கேட்டல் வேண்டும். அவ்வாயில் 3.3 வோற்றுக்குரியது, 5 வோற்றுக் கம்பியை மாட்டினாற் சில்லுப் பழுதாதல் கூடும்.

64 துணுக்கு ஆர்ம் செயலிக்கு ஃபிரீபி.எஸ்.டி. தன் 13.0 ஆம் பதிப்பிலே, 2021 இல், முதல்நிலை ஆதரவு வழங்கியது. ஆயினும் ஒரு குறை உண்டு. ராஸ்பெரி பையில் முதலில் விழிப்பது ஆர்ம் செயலியன்று, படங்காட்டுங் கூறேயாம். அதனை இயக்குந் தொடக்க நிரலின் மூலம் வெளியிடப்படவில்லை. வரிவரியாகப் படிக்கலாமென நாம் போற்றும் முறைமை, படிக்கவொண்ணாத முகவுரையொன்றின் மேல் நிற்கின்றது! மாணாக்கருக்காகப் பலகை வாங்குவோர் விலையை மாத்திரம் வினவுகின்றனர், இதனையும் வினவலாம். 2013 இல் வந்த பீகிள்போன் பிளாக் பலகையிலே, சில்லினுட் பொறித்த சிறு நிரலொழிய, அதன்பின் வருந் தொடக்க நிரலாகிய யு-பூற்று மூலத்தோடு கிடைக்கின்றது.