மாயக் கதையுள் திணைப் பாகுபாடு

ஜே. கே. ரௌலிங் என்னும் ஆங்கில ஆசிரியை 1997 முதல் 2007 வரை ஏழு பகுதிகளாக வெளியிட்ட ஹாரி பாட்டர் கதைத்தொடரில் மாயவுயிர்கள் பலவாக வருகின்றன. அவற்றுட் பல பழைய ஐரோப்பியக் கதைகளினின்றும் பெறப்பட்டவை. மாந்தர் உடலும் குதிரையுடலும் கூடிய சென்டார் கிரேக்கருடையது. கழுகும் குதிரையும் கலந்த ஹிப்போகிரிஃப், இத்தாலியப் புலவர் அரியோஸ்தோ 1516-இல் வெளியிட்ட காப்பியத்தால் புகழ்பெற்றது. ஈண்டு நாம் ஆராயப் புகுவது இவற்றின் பிறப்பிடம் அன்று. இவற்றுள் எவற்றை உயர்திணையெனக் கொள்ளுதல் தகும் என்பதே.

இவ்வினா நாம் புறத்தேயிருந்து ஏற்றியதன்று. இத்தொடருக்குத் துணையாக 2001-இல் ரௌலிங் எழுதிய மாயவிலங்கு நூலின் முன்னுரை இதனையே நகைச்சுவை தோன்ற விரிக்கின்றது. மாயவர் அவைத் தலைவர் ஒருவர் இருகாலால் நடப்பன யாவும் உயர்பிறவி என்றார். பறவைகளும் அவை புகுந்து ஆரவாரித்தன. நாற்கால் உடைமையால் சென்டார்கள் விலக்கப்பட்டனர். பின்வந்த தலைவி மாந்தர் மொழி பேசுதலை அளவையாக்கினார். காப்ளின் என்னும் இனத்தார் மூட அரக்கர் சிலர்க்கு ஓரிரு தொடர்களைக் கற்பித்துவிடவே அதுவும் பயன்படவில்லை. நீர்வாழ் மாந்தர் மொழியோ நீருக்கு வெளியே வெறுங் கீச்சொலி! கதையுலகின் 1811-ஆம் ஆண்டில்தான், சட்டத்தை உணரும் அறிவும் அதனை ஆக்குவதிற் பங்கேற்கும் பொறுப்பும் உடையதே உயர்பிறவி என்னும் இலக்கணம் நிலைபெற்றது. அப்பொழுதும் சென்டார்கள், சூனியக் கிழவியரோடும் குருதியுண்ணும் பேய்களோடும் ஒருங்கு எண்ணப்பட மறுத்து, விலங்கு என்னும் பெயரையே விரும்பி ஏற்றனர்.

உடம்பு, மொழி, அறிவு என அளவை அகநோக்கிச் செல்லும் இம்முறை தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையாற் பகுத்து, மக்களை ஆறறிவினர் என்கிறது. அவரோடு ஒத்த பிற பிறப்புகளுக்கும் அவ்வகையில் இடம் விடுகிறது. நன்னூலார் தேவரையும் நரகரையும் மக்களோடு உயர்திணையுள் அடக்கினார். எனினும், வரும் உயிரே தன் திணையைப் பற்றி வழக்காடுதல் நம் இலக்கணிகள் எதிர்நோக்காத நிலை.

1999-இல் வெளிவந்த மூன்றாம் பகுதியில் ஹிப்போகிரிஃப் ஒன்றன்மீது விசாரணை நடக்கிறது. அது பேசாது, ஆயினும் வணங்கினார்க்கு வணங்கும், இகழ்ந்தாரைத் தாக்கும். இகழ்ச்சியை உணரும் உயிரை அஃறிணை என்றே கொள்வோமாயின், அதன்மேற் குற்றஞ் சாட்டித் தண்டம் விதித்தல் எங்ஙனம் பொருந்தும்? நான்காம் பகுதியிற் காட்டப்படும் சட்டம் இன்னும் கடியது: மாந்தரல்லாத எவ்வுயிரும் மந்திரக்கோல் ஏந்தலாகாது. வைப்பகம் நடத்தும் அறிவுடைய காப்ளின்களுக்கும் இதுவே விதி. 1811-இன் இலக்கணம் ஏட்டளவில் நின்றுவிட்டது போலும்.

இதனைத் தமிழில் பெயர்க்கப் புகுவார்க்கு இடர் ஒவ்வொரு வினைமுற்றிலும் எழும். ஊதியமின்றி வீட்டு ஏவல் புரியும் குறளியாகிய டாபி, 1998-இன் இரண்டாம் பகுதியில் முதன்முதல் தோன்றுகையில், ஆசிரியர் அஃறிணைச் சுட்டால் குறிக்கிறார். அது பேசித் தன் பெயர் கூறியபின் ஆண்பாற் சுட்டுக்கு மாறுகிறார். ஆங்கிலத்தில் இம்மாற்றம் இடப்பெயரளவில் நிகழ்வதால் பலர் அதனைக் கவனியார். தமிழிலோ வணங்கியது என்பதும் வணங்கினான் என்பதும் ஒரே பக்கத்தில் நிற்குமாதலின், பிழையெனக் கருதித் திருத்திவிடுவாரும் உளர். அங்ஙனம் திருத்துதல் தகாது என்பது எம் கருத்து.

மற்றொன்று, டாபி தன்னை 'நான்' என்னாது பெயராலேயே கூறிக்கொள்வது. எனவே தமிழில் டாபி வந்திருக்கிறது என்பதா, வந்திருக்கிறான் என்பதா என அவ்வேவலாளன் வாயே தன் திணையை மொழிய வேண்டியதாகிறது. மூலத்தில் அவன் தன்னைச் சுட்டுமிடத்து ஆண்பாலையே ஆள்கிறான். பிறர் அவனை எவ்வாறு சுட்டினும், அவன் கூற்றில் உயர்திணை முடிபே வருதல் வேண்டும்.